கழுத்துக்குள் ஓடும் நூலிழை: பாடகி அமெலிற்றா கல்லி-கூர்ச்சி

எமது பழைய மாணவிகளிலே ஆசிரியைகளாகக் கடமையாற்றியோர் தொகை பெரிது. சங்கீதம் கற்பித்தோரும் மேடையிலே பாடியோரும் அவர்களுள் உளர். குரலே அவர்களுக்குச் சோறு போட்டது. கழுத்திலே கழலை தோன்றியபோது, வெட்டினால் குரல் போய்விடும் என்று அஞ்சிச் சத்திரசிகிச்சையை ஆண்டுக்கணக்காக ஒத்திப்போட்டவர்களையும் நாம் அறிவோம். தைரொயிட் நோய்கள் ஆண்களை விடப் பெண்களையே கூடுதலாகப் பிடிப்பதால் இவ்வச்சம் எமக்குப் புறம்பானதன்று. இந்த அச்சத்தோடு சேர்த்து உலகெங்கும் பேசப்படும் ஓர் இத்தாலியப் பெண்ணின் வாழ்வை இம்மலரிலே பதிய விரும்புகிறோம்.

அமெலிற்றா கல்லி 1882 நவம்பர் 18 ஆம் திகதி மிலான் நகரிலே பிறந்தார். அந்நகர இசைக் கல்லூரியில் பியானோ பயின்று பரிசும் பெற்றார். பாட்டுப் பக்கம் அவரைத் திருப்பியவர் குடும்ப நண்பரான இசையமைப்பாளர் மஸ்காக்னி. குருவிடம் முறையாக அமர்ந்து கற்றது குறைவு. பிறர் பாடுவதைக் கேட்டும், பழைய பயிற்சி நூல்களைப் படித்தும் தம் குரலைத் தாமே பழக்கினார். 1906 இல் திறானி என்ற சிற்றூரில் வெர்டியின் றிகொலெற்றோ ஒப்பெராவிலே கில்டாவாக முதன்முதல் மேடையேறினார். 1908 இல் லூயிஜி கூர்ச்சியை மணந்தபின் கல்லி-கூர்ச்சி என்ற பெயர் நிலைத்தது.

அவருக்குப் பெரும் புகழைக் கொடுத்தது அமெரிக்கா. 1916 இல், தமது முப்பத்துநான்காவது பிறந்த நாளன்றே, சிக்காகோவிலே மீண்டும் கில்டாவாகப் பாடினார். அந்த ஒரு நாளில் அவர் பெயர் நாடறிந்ததாயிற்று. 1921 இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கிலும் பாடத் தொடங்கினார். மிக உயர்ந்த சுரங்களைப் பறவை போல இலகுவாகத் தொடும் அக்குரல் இசைத்தட்டுகள் வழியே வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

ஆனால் அவருடைய கழுத்திலே ஒரு கழலை ஆண்டுக்கணக்காக வளர்ந்துகொண்டிருந்தது. வாதனாளியின் முன்னே வண்ணத்துப்பூச்சி போல ஒட்டியிருக்கும் தைரொயிட் சுரப்பி பெருத்தால் மூச்சுக்குழலை நெரிக்கும். பாடகிக்கு மூச்சே மூலதனம். 1920களிலேயே அவருடைய சுருதி சில வேளை தளம்பியது. 1930 இல் அவர் மெற்றோபொலிற்றன் மேடையை விட்டு நீங்கி, கச்சேரிகளை மட்டும் தொடர்ந்தார். 1935 ஓகஸ்ட்டில் சிக்காகோவிலே கழலை அகற்றப்பட்டது. குரலைக் கவனித்துக்கொள்வதற்காக, அவர் விழித்திருக்கும் நிலையில், கழுத்தை மாத்திரம் மரக்கச் செய்து அச்சிகிச்சை நடந்தது.

அச்சத்தின் காரணத்தை விளங்கிக்கொள்ள இரண்டு நரம்புகளை அறிய வேண்டும். முதலாவது, மீளும் குரல்வளை நரம்பு. அது நெஞ்சுவரை இறங்கி, இடப்புறம் பெருநாடியையும் வலப்புறம் காறை எலும்பின் கீழ் ஓடும் நாடியையும் சுற்றி, மீண்டும் கழுத்துக்கு ஏறி, சுரப்பியின் பின்புறத்தை ஒட்டிக் குரல்வளையை அடைகிறது. ஒருபுறம் சேதமானால் குரல் கம்மும். இருபுறமும் சேதமானால் மூச்சே அடைபடலாம். இரண்டாவது, மேற்குரல்வளை நரம்பின் வெளிக்கிளை. நூலிழை போன்ற அது, சுரப்பியின் மேல்முனைக்கு வரும் இரத்த நாடியை அடுத்து ஓடி, குரல்நாணை இழுத்து முறுக்கும் தசையை இயக்குகிறது. அது கெட்டால் பேச்சு நிற்காது. உச்ச சுரம் எட்டாது, குரல் விரைவிலே களைக்கும். சாதாரணமானவருக்கு அது தெரியாமலே போகலாம். பாடகிக்கோ தொழிலே போய்விடும்.

1936 நவம்பரில் அம்மையார் சிக்காகோவிலே லா பொகேம் ஒப்பெராவில் மிமியாகத் தோன்றினார். பழைய குரல் இல்லை என்பது தெரிந்தது. பின்னர் அவர் ஒப்பெரா மேடை ஏறவில்லை. இரண்டாவது நரம்பு வெட்டுப்பட்டதே காரணம் என்ற கதை பிறந்து, சத்திரசிகிச்சை நூல்களிலும் ஏறியது. அந்நரம்பை அவர் பெயராலேயே அழைப்போரும் உண்டு.

2001 இல் சத்திரசிகிச்சை நிபுணர் இருவர் அக்காலப் பத்திரிகை விமர்சனங்களையும், வைத்தியரின் உறவினர்கள் சொன்னவற்றையும் ஆராய்ந்து, நரம்பு வெட்டுப்பட்டது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினர். குரல் முன்னரே தளர்ந்திருந்தது. வயதும் ஐம்பதைக் கடந்திருந்தது. ஒரு வைத்தியரின் கைமேல் பல்லாண்டு சுமத்தப்பட்ட பழி இதனால் பெரிதும் இலேசாகிறது. ஆயினும் அக்கதை வீண்போகவில்லை. யாரும் பொருட்படுத்தாதிருந்த ஒரு மெல்லிய நரம்பை நினைவில் வைக்கும்படி தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு அது கற்பித்தது.

1938 இல் பொஸ்டன் வைத்தியர் பிராங்க் லாஹி, மீளும் நரம்பைத் தேடிக் கண்டுகொண்டே வெட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். காணாததைக் காப்பாற்ற முடியாது என்பதே அதன் சாரம். மேல்முனையிலே நாடியை மொத்தமாகக் கட்டாமல், கிளை கிளையாகப் பிரித்துச் சுரப்பியை ஒட்டியே கட்டுவது இன்றைய முறை. நரம்பை மெல்லிய மின்துடிப்பால் தூண்டித் தசை அசைகிறதா என்று பார்க்கும் கருவியும் வந்துள்ளது. தேர்ந்த கைகளில் நிரந்தரச் சேதம் அரிது. ஆனால் அறவே இல்லை என்று எவரும் உறுதி கூறார்.

ஆகவே எம் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வோம். பயத்தினால் ஒத்திப்போடாதீர்கள், கேளாமலும் படுக்கையில் ஏறாதீர்கள். குரலால் பிழைப்பவர் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். குரல்நாண்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்க்கும்படி கேளுங்கள்.

கல்லி-கூர்ச்சி அம்மையார் தமது பிற்காலத்தைக் கலிபோர்னியாவிலே பாட்டுக் கற்பித்துக் கழித்து, 1963 நவம்பர் 26 இல் காலமானார். மேடை கைவிட்ட பின்னரும் தாம் அறிந்ததை இளையோருக்குக் கொடுத்தே வாழ்ந்தார். வகுப்பறையிலே குரலைச் செலவழித்து எம்மை ஆளாக்கிய ஆசிரியைகளை இந்நூற்றாண்டிலே நினைக்கும்போது, அவரையும் அவர்களோடு ஒருவராக எண்ணிக்கொள்கிறோம்.