டொக்டர் வில்லியம் கோலியும் அவர் மகளும்

எமது பழைய மாணவிகளுள் வைத்தியர்களும் தாதியரும் பலர். புற்றுநோய் எட்டிப் பார்க்காத வீடோ எமக்குள் மிகச் சில. மகரகமவிலும் யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வைத்தியசாலை வாங்குகளில் காத்திருக்கும்போது இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் நோயெதிர்ப்புச் சிகிச்சை என்பது. உடலின் சொந்தக் காவற்படையையே புற்றுக்கு எதிராக எழுப்பிவிடும் இந்தச் சிகிச்சை நேற்று முளைத்த ஒன்றன்று. அதற்கு வித்திட்டவர் 1936இலேயே மறைந்துவிட்ட நியூயோர்க் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் பிராட்லி கோலி. அவரது பணி அழிந்துபோகாமல் காத்தவர், பல்கலைக்கழகப் படியையே மிதிக்காத அவரது மகள் ஹெலன். தந்தையை எழுதி மகளை விட்டுவிட எமக்கு மனம் வரவில்லை. ஆதலால் இருவரையும் சேர்த்தே எழுதுகிறோம்.

கோலி 1862ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் பிறந்தார். 1884இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மேற்குக் கரையோரமாயுள்ள ஒறிகன் மாநிலத்தின் போட்லன்ட் நகருக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் பாடசாலை ஆசிரியராக இருந்தார். இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த வாத்தியார் ஒருவரே பின்னர் இவ்வளவு பெரிய வைத்தியரானார் என்பதில், ஆசிரியைகள் நிறைந்த எமது சங்கத்துக்குச் சற்றுப் பெருமைதான். பின்னர் ஹாவாட் மருத்துவக் கல்லூரியில் படித்து 1888இல் வைத்தியராகி, நியூயோர்க் வைத்தியசாலையில் பயிற்சி முடித்து, 1890இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அவரிடம் வந்தவள் எலிசபெத் டஷீல். வீட்டார் அழைத்த பெயர் பெஸ்ஸி. வயது 17. கோடை விடுமுறையில் புகைவண்டிப் பயணமொன்றின்போது இருக்கைகளுக்கு இடையில் அகப்பட்டு அவளது வலது கை நசுங்கியது. சிறிய காயந்தானே என்று விட்டிருந்தது ஆறாமல் வீங்கி, இரவு பகலாக வலித்தது. சோதித்துப் பார்த்ததில் அது சார்க்கோமா என்று தெரியவந்தது. எலும்பையும் தசையையும் பற்றுகின்ற கொடிய புற்று. கோலி நவம்பரில் அவளது கையை முழங்கைக்குக் கீழே அகற்றினார். அதற்குள் நோய் உடலெங்கும் பரவிவிட்டது. 1891 ஜனவரியில் அவள் இறந்தாள். கோலிக்கு அப்போது வயது 29. அந்தக் காலத்தில் புற்றுநோய்க்கு வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த ஒரே வழியும் ஒரு பள்ளிப் பருவப் பெண்ணைக் காப்பாற்றவில்லை என்பது அவரை உறங்கவிடவில்லை.

அவர் செய்த அடுத்த காரியம் எமக்கு மிகவும் பிடித்தது. ஆய்வுகூடத்துக்குப் போகாமல், வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, சார்க்கோமா நோயாளர் ஒவ்வொருவரின் கதையையும் படித்தார். அவற்றுள் ஒன்று, ஜேர்மனியிலிருந்து குடியேறிய ஸ்ரைன் என்னும் ஏழைத் தொழிலாளியின் கதை. கழுத்தில் வளர்ந்த கட்டியைப் பலமுறை வெட்டியும் அது திரும்பத் திரும்ப முளைத்தது. கடைசி வெட்டுக்குப் பின் அந்தப் புண்ணில் எரிசிபெலஸ் என்னும் தொற்று ஏற்பட்டது. தோல் சிவந்து எரிந்து, கடுங்காய்ச்சலோடு வருவது அது. பென்சிலின் வருமுன் உயிர்களைக் குடித்த நோய். ஆனால் ஸ்ரைனுக்குக் காய்ச்சல் ஏற ஏறக் கட்டி கரைந்தது; அவர் சுகமாகி வீடு சென்றார். பதிவு அத்தோடு முடிந்தது.

அந்த மனிதர் இன்னும் உயிரோடிருக்கிறாரா? இதை அறியாமல் கோலியால் இருக்க முடியவில்லை. குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த நியூயோர்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதி மாடிவீடுகளில் கதவு கதவாகத் தட்டித் தேடினார், கண்டும் பிடித்தார். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தும் ஸ்ரைனின் கழுத்தில் பழைய தழும்பைத் தவிர நோயின் சுவடே இல்லை. நோயாளர் வாசலைத் தாண்டியதும் அவரை மறந்துவிடும் வைத்தியர்களே அன்றும் அதிகம். ஒருவரைத் தேடிச் சென்றதால் பிறந்தது ஒரு புதிய வைத்தியம்.

இத்தகைய தொற்றினால் கட்டி சுருங்குவதை ஜேர்மனியில் புஷ் என்பவர் முன்னரே கண்டிருந்தார். தொற்றை உண்டாக்கும் ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியை 1882இல் பெலைசன் என்பவர் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார். கோலி 1891 மே மாதத்தில் சோலா என்னும் இத்தாலிய நோயாளருக்கு இக்கிருமியை ஊசியால் ஏற்றத் தொடங்கினார். சோலாவின் தொண்டையில் கோழிமுட்டையளவு கட்டி. உணவு இறங்குவதே அரிது. மாதக்கணக்காகக் கிருமி பற்றவில்லை. பின்னர் பெர்லினில் ரொபேட் கொக்கின் ஆய்வுகூடத்திலிருந்து வீரியமான கிருமி தருவிக்கப்பட்டு ஏற்றப்பட்டதும் காய்ச்சல் கொழுந்துவிட்டெரிந்தது. இரண்டே வாரத்தில் கழுத்துக்கட்டி உடைந்து மறைந்தது. சில வாரங்களே வாழ்வார் என எண்ணப்பட்டவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆனால் உயிருள்ள கிருமியோடு விளையாடுவது நெருப்போடு விளையாடுவது. அந்தத் தொற்றாலேயே நோயாளர் இருவர் இறந்தனர். அதன்பின் கோலி கிருமிகளைச் சூடாக்கிக் கொன்று, வேறொரு பற்றீரியாவையும் சேர்த்து ஒரு கலவை தயாரித்தார். அதுவே கோலியின் நச்சுமருந்து எனப் பெயர்பெற்றது. 1893 ஜனவரியில், வயிற்றில் பெருங்கட்டியோடு படுக்கையில் கிடந்த இளைஞர் ஒருவருக்கு அதைக் கட்டிக்குள்ளேயே செலுத்தினார். ஒவ்வோர் ஊசிக்கும் நடுக்கமும் காய்ச்சலும். கட்டியோ மெல்ல மெல்லச் சுருங்கியது. சில மாதங்களில் அவர் எழுந்து நடந்தார். 26 ஆண்டுகள் கழித்து மாரடைப்பினாலேயே காலமானார்.

இத்தனை இருந்தும் ஏன் இந்த வைத்தியம் மறக்கப்பட்டது? எதிரிகளை மட்டும் குறைகூறினால் அது நியாயமாகாது. கோலியின் கலவை காலத்துக்குக் காலம் மாறியது. பத்துக்கும் மேற்பட்ட விதங்களில் தயாரிக்கப்பட்டது. 1899 முதல் பார்க் டேவிஸ் கம்பனி விற்ற மருந்து அவர் தாமே பயன்படுத்தியதைவிட வீரியம் குறைந்தது. எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் செலுத்துவது என்பதற்கும் ஒரே ஒழுங்கு இருக்கவில்லை. ஆதலால் பிறர் செய்து பார்த்தபோது பலருக்குப் பலிக்கவில்லை. அது ஏன் பலிக்கிறது என்பதையும் அவரால் விளக்க முடியவில்லை. நிர்ப்பீடனம் பற்றிய அறிவு அன்று குழந்தைப் பருவத்தில் இருந்தது. அதே காலத்தில் எக்ஸ்றேயும் ரேடியமும் வந்தன. அளந்து கொடுக்கலாம், உடனே பலன் காணலாம். மெமோறியல் வைத்தியசாலையில் கோலியோடு பணியாற்றிய புகழ்பெற்ற நோயியலாளர் ஜேம்ஸ் யூவிங் கதிர்ச் சிகிச்சையின் பக்கம் உறுதியாக நின்று, கோலியின் மருந்தைக் கடுமையாக எதிர்த்தார். கோலியும் கதிர்களை வெறுத்தவரல்லர், தாமே பயன்படுத்தினார். ஆயினும் நச்சுமருந்தை அவர் கடைசிவரை கைவிடவில்லை. 1936 ஏப்ரல் 16ஆம் திகதி நியூயோர்க்கில் காலமானார்.

ஹெலன் கோலி நோட்ஸ் 1907இல் பிறந்தவர். தந்தையின் சரித்திரத்தை எழுத எண்ணி, குடும்பத்தின் நாட்டுப்புற வீட்டுக் கொட்டகையில் கிடந்த கடிதங்களையும் நோயாளர் குறிப்புகளையும் எடுத்துப் படிக்கத் தொடங்கினார். படிக்கப் படிக்கச் சரித்திரம் எழுதும் எண்ணம் பின்னுக்குப் போயிற்று. மருத்துவச் சொற்களை அகராதி வைத்துத் தாமே கற்று, ஏறக்குறைய 1000 நோயாளரின் விபரங்களை ஒவ்வொன்றாக நிரைப்படுத்தினார். இன்ன மருந்து, இத்தனை ஊசி, எவ்வளவு காய்ச்சல், பின்னர் எத்தனை ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார் என்றெல்லாம் குறித்தார். அவர்களுள் ஏறத்தாழ 500 பேரில் கட்டி பெரிதும் கரைந்தது என்று கண்டார். தந்தையின் பதிவுகளில் இல்லாத ஒழுங்கை மகள் உண்டாக்கினார் என்றே சொல்ல வேண்டும். பட்டமில்லாத ஒரு பெண் தகப்பனுக்காகப் பேசுகிறாள் என்று பெரிய வைத்தியர்கள் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவரோ விடவில்லை. 1953இல் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தை நியூயோர்க்கில் நிறுவினார். அதற்குத் தொடக்கமாக 2000 டொலர் வழங்கியவர் நெல்சன் ரொக்பெல்லர். இவரது தந்தையாகிய இளைய ஜோன் ரொக்பெல்லரே, 1891இல் இறந்த பெஸ்ஸியின் நெருங்கிய நண்பர்.

அந்த நிறுவனத்தை நீண்டகாலம் விஞ்ஞான வழியில் நடத்தியவர் லொயிட் ஓல்ட். கிருமியின் நஞ்சு உடலைத் தூண்ட, உடலே கட்டியை அழிக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது என்பதை அவரும் அவரது குழுவினரும் 1975இல் வெளியிட்டனர். கோலியால் விளக்க முடியாதவற்றுள் ஒரு பகுதி அப்போதுதான் விளங்கியது. அடுத்த ஆண்டே கனடாவில் மொராலஸ் என்னும் வைத்தியர், சயரோகத் தடுப்பு மருந்தாகிய பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் பயன்படுத்தி நற்பலன் கண்டார். இன்றும் அது வழக்கிலுள்ள சிகிச்சை. எம்மிற் பெரும்பாலோரின் இடது மேற்கையில் குழந்தைப் பருவத் தழும்பாக இருப்பதும் அதே பி.சி.ஜி.தான்.

கோலியின் கலவையோ இன்று பொது வைத்தியத்தில் இல்லை. அப்பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் இடங்கள் உண்டு; நோயுற்ற தோழியர் எவரும் தமது புற்றுநோய் வைத்தியரைக் கேளாமல் அங்கே போகவேண்டாம்.

ஹெலன் அம்மையார் 2001இல், 93ஆவது வயதில் காலமானார். அவரது நிறுவனம் கோலியின் பெயரால் வழங்கும் பரிசை ஜேம்ஸ் அலிசன் 2005இலும், ஜப்பானியரான தசுகு ஹொஞ்சோ 2014இலும் பெற்றனர். நிர்ப்பீடனக் கலங்களின் தடையை நீக்கிப் புற்றை எதிர்க்கவைக்கும் வழியைக் கண்டதற்காக, 2018இல் இவ்விருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.