சிறுத்தொண்ட நாயனார்: அரசுப்பணியும் அடியார்பணியும்

அரசுப்பணியை விரும்பி அடைதற்கு முயல்வோர் எக்காலத்தும் பலராவர். அடைந்தபின், உரிய காலம் வருமுன்னரே அதனை விடுத்து வேறொரு நற்பணியில் தலைப்படலாமா என்று எண்ணி உள்ளம் அலைவுறுவோரும் உளர். தமிழக அரசுப் பணியாளர்க்கு ஓய்வு பெறும் வயது 2021-ஆம் ஆண்டில் 60 என வரையறுக்கப்பட்டது. அதற்கு முன்னரே விருப்ப ஓய்வு பெற்று நீங்குதற்கும் விதியில் இடமுண்டு. அரவேணு, கோத்தகிரி முதலிய மலையூர்களில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்துகொண்டே, விடுமுறை நாட்களில் திருக்கோயிற் பணிக்குத் தோள்கொடுக்கும் அன்பர்களுள் இவ்வெண்ணம் தோன்றாதார் சிலரே. பிள்ளைகளின் கல்வி ஒருபால் இழுக்கும். பெற்றோர் கடமை ஒருபால் இழுக்கும். இறைபணி ஒருபால் இழுக்கும். இம்மூன்றினிடையே நின்று முடிவு காண விழைவார்க்கு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெரியார் தம் வாழ்வால் வழி காட்டியுள்ளார். அவர் செங்காட்டங்குடியிற் பிறந்த பரஞ்சோதியார். பின்னாளிற் சிறுத்தொண்ட நாயனார் எனப் பெயர் பெற்றவர்.

பிறப்பும் கல்வியும்

திருச்செங்காட்டங்குடி சோழவளநாட்டில் உள்ளது. அங்கே கணபதீச்சரம் என்னும் திருக்கோயில் விளங்குகின்றது. அவ்வூரில் மாமாத்திரர் குலத்திற் பரஞ்சோதியார் பிறந்தார். மருத்துவநூலும், வடநூற் கலைகளும், படைக்கலத் தொழிலும், யானையேற்றமும், குதிரையேற்றமும் அவர் கற்றுத் துறைபோயினார் என்று சேக்கிழார் பெருமான் தெரிவிக்கின்றார். பல கலை கற்றாரெல்லாம் கற்றதன் பயனை அடைந்தவராகார். கற்ற அனைத்திற்கும் முடிவாவது இறைவன் திருவடியே எனத் தெளிந்தது பரஞ்சோதியாரின் தனிப்பெருஞ் சிறப்பு. அத்தெளிவு உண்டாகியும் அவர் தொழிலை வெறுத்தாரல்லர். தம் குலத்திற்கு அடுத்த அரசுப்பணியை மேற்கொண்டார். அரசன் அருகிருந்து, யானைப்படை செலுத்தி, பகைவர் நாடுகள் பலவற்றை வென்று கொடுத்தார்.

வாதாவிப் போர்

அவர் பணிபுரிந்த அரசன் இன்னானெனச் சேக்கிழார் பெயர் குறித்திலர். வாதாவி என்னும் தொன்னகரை அழித்த செய்தி கூறப்படுதலின், அவன் பல்லவ வேந்தனாகிய முதலாம் நரசிம்மவர்மன் என வரலாற்றறிஞர் கொள்வர். வாதாவி இப்போது கருநாடக மாநிலத்தில் பாதாமி என வழங்குவது. அங்கிருந்து ஆண்ட சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, வடநாட்டுப் பேரரசனாகிய ஹர்ஷனையே தடுத்து நிறுத்திய வலியுடையவன். மகேந்திரவர்மன் காலத்திற் பல்லவ நாட்டின்மேற் படையெடுத்து வந்தவன். அவன் படைகளை மணிமங்கலம் முதலிய இடங்களில் நரசிம்மவர்மன் முறியடித்தமையைக் கூரம் செப்பேடு அறிவிக்கின்றது. பின்னர் 642-ஆம் ஆண்டளவில் வாதாவி பல்லவர் கைப்பட்டது. வெற்றி கொண்ட வேந்தனின் கல்வெட்டு அந்நகரப் பாறையில் இன்றும் காணப்படுகின்றது.

அந்நகரை யானைகளால் துகளாக்கி, மணியும் நிதியும் யானைக்கூட்டமும் குதிரைகளும் கவர்ந்து வந்து அரசன்முன் வைத்தவர் பரஞ்சோதியார் என்பது பெரியபுராணச் செய்தி. அவர் அங்கிருந்து விநாயகர் திருவுருவம் ஒன்றைக் கொணர்ந்தார் என்பது செவிவழி வழக்கு; பெரியபுராணத்தில் அது கூறப்படவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் வாதாபி கணபதியைப் பாடிய கீர்த்தனையால் அவ்வழக்கு நாடெங்கும் பரவிற்று.

அரசன் அஞ்சியது

பகைவர் நகரை அழித்து மீண்ட தலைவரின் ஆற்றலை அரசன் வியந்து பாராட்டினான். அப்போது உண்மை உணர்ந்த அமைச்சர்கள், இவர் சிவபெருமானுக்கு வழிவழித் தொண்டு பூண்ட வலிமையுடையவர். அதனால் இவரை எதிர்த்து நிற்பார் ஒருவரும் இலர் என எடுத்துரைத்தனர். அதுகேட்ட அரசன் மகிழ்ந்தானல்லன், நடுங்கினான். இறைவன் அடியாரை அறியாது கொடிய போர்முகத்தில் ஏவிவிட்டேனே எனக் கலங்கி, அவரை வணங்கிப் பொறுத்தருள வேண்டினான்.

ஈண்டு அன்பர்கள் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. பரஞ்சோதியார் அடியார் என்பது அமைச்சர்க்குத் தெரிந்திருந்தது. நாள்தோறும் உடனிருந்த அரசனுக்குத் தெரிந்திலது. தம் சிவபத்தியைக் காட்டிச் சலுகை ஒன்றும் அவர் வேண்டியதில்லை என்பது இதனாற் பெறப்படும். வழிபாடு உண்டென்று கூறிப் பணியிற் குறை செய்தாரல்லர். பணி உண்டென்று கூறி வழிபாட்டிற் குறை செய்தாரல்லர். அலுவலகத்தில் அமர்ந்துகொண்டு கோயிற்பணியையும், கோயிலில் நின்றுகொண்டு அலுவலக வழக்கையும் பேசுவார் இரண்டிடத்தும் பயன்படார். அரசன் மன்னிப்பு வேண்டியபோதும், தமக்கு உரிய முறைத்தொழிலைச் செய்தமையில் தீங்கு யாது உளது எனும் கருத்துப்பட அவர் மறுமொழி தந்தார். பல ஆண்டு செய்த பணியை இழித்துரைத்து விட்டு நீங்குதல் அவர் கருத்தன்று.

விடை பெற்றது

அரசன் நிதிக்குவைகளும் வாழ்வுக்கு வேண்டுவனவும் நிரம்பக் கொடுத்தான். இனி என் பணியை விடுத்து, உமது மெய்ம்மை புரிந்த திருத்தொண்டை வழுவாது செய்வீராக என வேண்டி விடை கொடுத்தான். பரஞ்சோதியார் அதனை ஏற்று ஊர் திரும்பினார். அவர் திருமகனார் பிறந்த செய்தி இதற்குப் பின்னரே கூறப்படுதலின், தளர்ந்த முதுமையில் அன்றி வலியுள்ள பருவத்திலேயே அவர் பணி நீங்கினார் எனக் கொள்ளலாம்.

இவ்வோய்வு எத்தகையது என நோக்குக. கையிலிருந்த பணி முற்றுப்பெற்றிருந்தது. வாதாவி வீழ்ந்தபின்னரே விடை கிடைத்தது, போர் நடுவே அன்று. கவர்ந்து வந்த பொருள் அனைத்தும் அரசன்முன் வைக்கப்பட்டபின்னரே கொடை பெறப்பட்டது. கணக்கில் நிலுவை ஒன்றும் இல்லை. குடும்பம் நடத்துதற்கு வழி இருந்தது. இவை யாவினும் மேலாக, சென்று செய்தற்குரிய பணி ஒன்று முன்னரே உள்ளத்தில் வேரூன்றி இருந்தது. தொழிலிற் சலிப்புற்றோ, மேலாளர்மேற் சினந்தோ அவர் நீங்கினாரல்லர். சலிப்பால் நீங்கியவர்க்குச் சலிப்பு வீட்டிலும் தொடரும்.

திருவாதவூரர் வரலாறு இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. பாண்டியனுக்கு அமைச்சராயிருந்த அப்பெருமான், குதிரை வாங்கக் கொண்டுசென்ற அரசன் பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவிட்டார். அதனால் அரசன் தண்டனைக்கு ஆளானார். ஆண்டவனே குதிரைச் சேவகனாய் வந்து அக்கணக்கைத் தீர்க்க வேண்டியதாயிற்று. குருவாய் வந்த இறைவன் வலிய ஆட்கொண்ட நிலையில் அது நிகழ்ந்தது. அப்பக்குவம் வாய்த்தார்க்கே அது பொருந்தும். ஏனையோர் அதனை முன்மாதிரியாகக் கொண்டு, முடியாத வேலையையும் தீராத கணக்கையும் விட்டு வருதல் அறமாகாது. இல்லறத்தார் பின்பற்றற்கு எளிய நெறி பரஞ்சோதியார் நெறியே.

இவ்வரலாற்றைப் பாடிய சேக்கிழாரும் அரசுப்பணியின் உள்ளும் புறமும் அறிந்தவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. குன்றத்தூரிற் பிறந்து சோழப் பேரரசில் அமைச்சராய் விளங்கி, பின்னர்த் தில்லையில் இருந்து திருத்தொண்டர் புராணம் இயற்றியவர் அவர். படைத்தலைவரின் பெருமையோடு, அவருக்கு மகிழ்ந்து விடைகொடுத்த அரசனின் பண்பையும் அவர் போற்றிக் காட்டியதில் வியப்பில்லை. திறமுடைய பணியாளரைத் தம் நலங்கருதி இறுகப் பற்றிக்கொள்ளாமல், அவருடைய மேலான நலங்கருதி விடுவித்தல் தலைமைக்கு அழகாகும்.

பெயர் மாறியது

ஓய்வு பெற்றார் பலர்க்கு வருவாய் குறைதலினும் பெருந்துன்பமாவது பதவிப்பெயர் நீங்குதல். நேற்றுவரை எழுந்து நின்றார் இன்று எழாதிருக்கக் கண்டு மனம் நோவார் பலர். பரஞ்சோதி என்பது மேலான ஒளி எனப் பொருள்படும் பெயர். அதனோடு படைத்தலைமையும், வாதாவி வென்ற புகழும் சேர்ந்திருந்தன. ஊர் திரும்பிய அவர் அவையனைத்தையும் கழற்றி வைத்தார். சிவனடியார் எவரைக் காணினும் தம்மை மிகச் சிறியராக எண்ணிப் பணிந்தொழுகினார். அதனாற் சிறுத்தொண்டர் என்று பெயர் பெற்றார். வாதாவியை வென்றதனினும் இது பெரிய வெற்றி. பகைவர் மதிலை யானையால் இடிக்கலாம், தன்முனைப்பை இடித்தற்கு யானைப்படை உதவாது.

திருவெண்காட்டு நங்கை என்னும் அம்மையார் அவர்தம் வாழ்க்கைத் துணைவியார். நாள்தோறும் அடியார்க்கு அமுதூட்டியபின்னரே தாம் உண்பது அவர்கள் நோன்பு. அடியார் ஒருவரும் வாராத நாளில் அவரே தெருத்தெருவாய்த் தேடிச் செல்வார். படை சூழ யானைமேற் சென்றவர் தனியராய் நடந்து, உண்ண வருவார் உளரோ என்று தேடிய காட்சியை உள்ளத்திற் கொள்ளுக. அரசுப்பணியில் ஏவுவார் உளர். தவறினாற் கேட்பார் உளர். ஓய்வின்பின் செய்யும் தொண்டிற்கு ஏவுவாருமில்லை, கேட்பாருமில்லை; தானே தன்னை ஏவிக்கொள்ளல் வேண்டும். ஆதலின் ஓய்வு என்பது அவர்க்குச் சும்மா இருத்தலாகாமல், முன்னையினும் கடிய பணியாயிற்று.

திருஞானசம்பந்தப் பெருமான் செங்காட்டங்குடிக்கு எழுந்தருளியபோது சிறுத்தொண்டர் எதிர்கொண்டு போற்றினார். பிள்ளையாரும் கணபதீச்சரப் பதிகத்தில் அவர் பெயரை அமைத்துப் பாடியருளினார். சுந்தரமூர்த்தி சுவாமிகளும் திருத்தொண்டத்தொகையில் அவரை ஊர்ப்பெயரோடு சேர்த்து வணங்கினார். இருவரும் போற்றிய பெயர் சிறுத்தொண்டர் என்பதே.

இறுதிச் சோதனை

இறைவன் வைரவ வடிவங்கொண்டு வந்து, நாயனார் வீட்டில் இல்லாமை அறிந்து, கணபதீச்சரத்து ஆத்தி மரத்தின்கீழ் அமர்ந்திருந்தமையும், ஐந்து வயதுடைய ஒரே மகனைத் தாயும் தந்தையும் மனமுவந்து அமுதாக்க வேண்டுமெனக் கேட்டமையும், சீராளதேவர் மீண்டு ஓடி வந்தமையும் சைவமக்கள் யாவரும் அறிந்தன. கேட்போர் நெஞ்சை நடுக்கும் அச்செயல் இறைவன் தானே வந்து நிகழ்த்திய சோதனை. மானிடர் எவரும் செய்து பார்த்தற்கு உரியதன்று. இங்குக் கருதத் தக்கது, கணவர் துணிந்த தொண்டில் மனைவியாரும், இல்லத்துப் பணிபுரிந்த சந்தனத் தாதியாரும் ஒருமனப்பட்டு நின்றமையேயாம். முடிவில் இறைவன் உமையம்மையோடும் முருகக் கடவுளோடும் காட்சி தந்து, நால்வரையும் தம் திருவடி நீழலிற் சேர்த்தருளினார். தொண்டு ஒருவரது, பயன் இல்லத்தார் அனைவரதுமாயிற்று. ஆதலின் பணி துறக்க எண்ணுவார் முதலில் உசாவ வேண்டுவது இல்லத்தாரையே. அவர்கள் மனம் கலங்க எடுக்கும் முடிவு தொண்டிற்கு நல்ல தொடக்கமாகாது.

தேர்ந்த பொருள்

சிறுத்தொண்டர் வரலாறு எல்லாரையும் பணி விடுக என ஏவுவதன்று. எல்லாரையும் இறுதிவரை இருக்க என விதிப்பதுமன்று. பணியில் உள்ளவர் சிறுத்தொண்டரைப் போலவே அப்பணியைக் குறைவறச் செய்து, உள்ளத்தில் அடியாராக இருத்தல் கூடும், அதுவும் சிவபுண்ணியமே. கையிலுள்ள வேலை முடிந்து, கணக்கு நேராகி, குடும்பம் நிலைபெற்று, மனையோர் உடன்பட்டு, செய்தற்குரிய தொண்டு காத்திருப்பின், காலத்திற்கு முன்னரே விடைபெறுதலிற் குற்றமில்லை. இவற்றுள் ஒன்று குறையினும் பொறுத்திருத்தலே நன்று. விடைபெற்றபின் பழைய பதவியின் நிழலையும் உடன் கொண்டு வாராதிருத்தல் வேண்டும். திருக்கோயிலில் விளக்கேற்றுவாரும், அமுது படைப்பாரும், திருமுற்றம் கூட்டுவாரும் முன்னர் யாராயிருந்தார் என்பது வினவப்படுவதில்லை.

சித்திரைப் பரணி நாயனாரின் திருநாள். அந்நாளிற் செங்காட்டங்குடியில் அமுதுபடையல் விழா ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் அன்பர் அனைவரும், பணியில் இருப்போரும் ஓய்வு பெற்றோரும், அப்பெரியார் திருவடிகளை நினைந்து, தத்தமக்கு இயன்ற தொண்டினைச் சிறியராய் நின்று செய்து பெருவாழ்வு பெறுவாராக.