ஒரே கார்... நாட்டுக்கு நாடு விலை மாறுவது ஏன்? டிடிகே எடுத்த முடிவும் வண்டலூர் கார் தொழிற்சாலையும்

ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் கார், 2018 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் விற்பனையானது. ஆனால் வெளிநாட்டில் தயாரான கார் இங்கே வந்து இறங்கினால் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஏன் இப்படி?

இதற்கான பதில், சென்னைக்காரர் ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர்தான் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆழ்வார்பேட்டை 'டிடிகே சாலை' இவர் பெயரில்தான் இருக்கிறது.

யார் இந்த டிடிகே?

1899 நவம்பர் 26-ம் தேதி சென்னையில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். அந்தக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு மாறியது 1937-ல்தான்.

1928-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். என்ன தொழில் தெரியுமா? வெளிநாட்டு நிறுவனங்களின் பொருட்களை இங்கே விற்றுக் கொடுக்கும் ஏஜென்சி. பிற்காலத்தில் பிரெஸ்டீஜ் குக்கர் தயாரித்ததும் இதே குடும்பத்தின் நிறுவனம்தான்.

1937-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்வானார். பிறகு அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்றார். 1952-ல் நேரு அமைச்சரவையில் வர்த்தக, தொழில் துறை அமைச்சரானார். இறக்குமதிப் பொருட்களை விற்று வளர்ந்தவர் கையில், இறக்குமதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் வந்தது.

1953-ல் என்ன நடந்தது?

அப்போது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றன. இதற்கெல்லாம் அந்நியச் செலாவணி வேண்டும். நாட்டிடம் அது போதுமான அளவு இல்லை.

1953-ல் சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரை கொடுத்தது. பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே தயாரிக்கத் திட்டம் இருந்தால் தொழில் நடத்தலாம். இல்லாவிட்டால் 3 ஆண்டுகளுக்குள் மூடிவிட வேண்டும். டிடிகே அமைச்சராக இருந்தபோது அரசு இதை ஏற்றது. இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் கடையைக் கட்டின.

அனுமதி கிடைத்த சில நிறுவனங்களில் ஒன்று, வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். பிரிட்டிஷ் கார்களான வேன்கார்டும், 1961 முதல் ஹெரால்டும் இங்கே தயாராயின. 1963-ல் பிரிட்டனிலேயே ஸ்டாண்டர்டு என்ற பெயர் காணாமல் போனது. வண்டலூரில் மட்டும் அது நீடித்தது.

லாபமா, நஷ்டமா?

இரண்டும்தான். வெளியிலிருந்து போட்டி இல்லாததால் கார் தொழில் இங்கே வேரூன்றியது. உதிரிபாகத் தொழிலும் சென்னையைச் சுற்றி வளர்ந்தது.

ஆனால் கார் வாங்க நினைத்தவர்கள்தான் சிரமப்பட்டார்கள். ஒரு கார் மாடலுக்கான அச்சுகளும் இயந்திரங்களும் மிகவும் செலவு பிடிப்பவை. லட்சக்கணக்கில் கார் செய்தால் அந்தச் செலவு ஒவ்வொரு காருக்கும் கொஞ்சம்தான் வரும். சில ஆயிரம் மட்டும் செய்தால் மொத்தச் சுமையும் அந்தச் சில ஆயிரம் பேர் தலையில்தான். மூன்றே கம்பெனிகள், பழைய மாடல்கள், பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு என்பதுதான் அன்றைய நிலை.

1956-ல் டிடிகே நிதியமைச்சரானார். அடுத்த ஆண்டே அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது, இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகியது. எல்ஐசி பணத்தை முந்த்ரா நிறுவனங்களில் போட்ட விவகாரத்தில் 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். 1963-ல் மீண்டும் நிதியமைச்சராகி, 1965 இறுதியில் விலகினார். 1974 மார்ச் 7-ம் தேதி காலமானார்.

1980களில் மாருதி வந்ததும் நிலைமை மாறியது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற புது மாடலை இறக்கிப் பார்த்தும் வண்டலூர் தொழிற்சாலை தாக்குப்பிடிக்கவில்லை. 1990களில் ஃபோர்டு மறைமலை நகருக்கும், ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தன.

இப்போது விலை எப்படி ஏறுகிறது?

வெளிநாட்டில் 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத சுங்கவரி போட்டால் 1 கோடி. அந்த 1 கோடிக்கு மேல் 40 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 1 கோடியே 40 லட்சம். அதற்கும் மேல் சாலை வரி. அதாவது வரிக்கே வரி.

பாகங்களாகக் கொண்டுவந்தால் சுங்கவரி மிகவும் குறைவு. மறைமலை நகர் அருகே பிஎம்டபிள்யூ 2007 முதல் கார்களைப் பூட்டுவது இதனால்தான். இங்கிருந்து ஏற்றுமதியாகும் காருக்கு நம்ம ஊர் ஜிஎஸ்டி கிடையாது. போய்ச் சேரும் நாட்டின் வரிதான் அங்கே விலையை முடிவு செய்யும்.

மற்ற நாடுகளிலும் காரணம் வேறுவேறு. சிங்கப்பூரில் இடம் குறைவு. அதனால் கார் வைத்திருக்கவே 10 ஆண்டு உரிமச் சான்றிதழை ஏலத்தில் எடுக்கணும். இலங்கையில் டாலர் தட்டுப்பாடு. 2020-ல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. 1950களில் டிடிகே சந்தித்த அதே பிரச்சினைதான்.

2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, பிரிட்டனிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் வரும் கார்களுக்கு சுங்கவரி படிப்படியாக 10 சதவீதமாகக் குறையும். உள்ளூர் தொழிலைக் காப்பதா, வாங்குபவருக்கு விலையைக் குறைப்பதா? 1953-ல் டிடிகே முன்னால் இருந்த கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை.