ஏழைக்கும் வக்கீல் உண்டு என்றவர்: பாலக்காட்டில் பிறந்த நீதிபதி கிருஷ்ணய்யர்

ஆனைகட்டி சோதனைச்சாவடியைத் தாண்டினால் அட்டப்பாடி. அகளி, முக்காலி வழியாகச் செல்லும் மலைப்பாதை மண்ணார்க்காட்டில் போய் இறங்குகிறது. கோவைப் பக்கத்திலிருந்து கேரளத்துக்குப் பிழைக்க வருகிறவர்களின் வழிகளில் இதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட பாதையில் லாரியோ பஸ்ஸோ மோதி ஒரு தொழிலாளி இறந்துவிட்டால் அவர் குடும்பம் என்ன செய்யும்? பிரேதத்தை வாங்கி ஊருக்குக் கொண்டு போகும். யாரோ நீட்டிய தாளில் கைநாட்டு வைத்து, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். வெளி மாநிலம், வேற்று மொழி, கையில் காசில்லை. வழக்காவது வம்பாவது என்று விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு.

அத்தகைய குடும்பத்துக்கும் கோர்ட்டுக் கதவு திறக்க வேண்டும் என்று பாடுபட்டவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

வக்கீலே சிறைக்குப் போனார்

பாலக்காடு வைத்தியநாதபுரத்தில், தமிழ் பேசும் குடும்பத்தில் 1915 நவம்பர் 15-இல் பிறந்தார். தந்தையும் வக்கீல். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்தார். தலைச்சேரியில் தொழில் தொடங்கினார்.

மலபாரில் விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் அவர் வழக்காடினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று குற்றம் சாட்டி, 1948-இல் அவரையே ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். கூண்டுக்கு உள்ளே இருப்பவன் படும் பாடு அவருக்கு நேரிலேயே தெரிந்தது.

1952-இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னை சட்டசபைக்குச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு மந்திரிசபையில் சட்ட மந்திரியானார். ஏழைகளுக்கு அரசுச் செலவில் சட்ட உதவி தரும் விதிகள் அந்தக் காலத்தில்தான் கேரளத்தில் வகுக்கப்பட்டன.

1968-இல் கேரள ஐகோர்ட்டு நீதிபதி; 1973-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. இடையே 1972-இல் மத்திய அரசு அமைத்த சட்ட உதவி நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கி, அடுத்த ஆண்டே அறிக்கை கொடுத்தார். இலவச சட்ட உதவி அரசின் கடமை என்னும் 39-ஏ பிரிவு 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது.

விதவையை எதிர்த்த அரசு

1979-இல் அவர் முன் ஒரு வழக்கு வந்தது. ஹரியானா அரசு பஸ் மோதி, குடும்பத்துக்குச் சோறு போட்டுவந்த ஒரே ஆள் இறந்து போனார். மனைவியும் மகளும் நஷ்டஈடு கேட்டார்கள். கோர்ட்டுக் கட்டணம் கட்ட வழியில்லை. கட்டணமின்றி வழக்காட ஐகோர்ட்டு அனுமதித்தது. அதை எதிர்த்து அரசே டில்லி வரை வந்தது!

கிருஷ்ணய்யர் அரசின் மனுவை ஏற்கவில்லை. கட்டணத்தைக் காட்டி ஏழையை நீதியிலிருந்து விரட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தார். சிவில் கோர்ட்டில் வறியவர்களுக்கு உள்ள சலுகை விபத்து நஷ்டஈட்டு டிரிபியூனலுக்கும் பொருந்தும் என்பது உறுதியாயிற்று.

1980-இல் மற்றொரு வழக்கு. இரவு நேரத்தில் தனியார் பஸ் ஒன்று, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. எட்டுப் பேர் அங்கேயே மாண்டார்கள். பயணிகள் கூச்சலிட்டும் டிரைவர் நிறுத்தவில்லை. தெய்வச் செயல் என்று கிரிமினல் கோர்ட்டு டிரைவரை விடுதலை செய்துவிட்டது. அந்த விடுதலையைக் காட்டி முதலாளி நஷ்டஈட்டிலிருந்து தப்ப முடியாது என்றார் கிருஷ்ணய்யர். சிறு சந்தேகத்தைச் சாக்காக வைத்துப் பாதிக்கப்பட்டவர்களைக் கைவிடக் கூடாது. டிரிபியூனல்களைக் கூட்டி விரைந்து முடிக்க வேண்டும் என்றும் இடித்துரைத்தார்.

இன்று நமக்குள்ள வழி

அவரும் நீதிபதி பி.என்.பகவதியும் போட்ட பாதையில் 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிறந்தது. 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் கிடைப்பார். கணவனை இழந்த பெண்ணின் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. மாவட்டந்தோறும் ஆணைக்குழு உண்டு. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

விபத்து அகளியில் நடந்தாலும், குடும்பம் கோவையில் இருந்தால் கோவை டிரிபியூனலிலேயே மனுப் போடலாம். போலீஸ் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களை வாங்கிவிட வேண்டும். சம்பளத்துக்கு ஆதாரம் முக்கியம். நஷ்டஈடு வருமானத்தைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் அமலில் இருப்பதால், காரியம் முடியட்டும், பார்க்கலாம் என்று நாளைக் கடத்தக் கூடாது.

1980-இல் ஓய்வு பெற்ற கிருஷ்ணய்யர் எர்ணாகுளத்தில் வாழ்ந்தார். பத்மவிபூஷண் விருது 1999-இல் வந்தது. குறை சொல்லி வருகிறவர்களுக்கு அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. 2014 டிசம்பர் 4-இல், 99-ஆம் வயதில் காலமானார்.

பிழைக்க வந்த இடத்தில் உறவைப் பறிகொடுத்த குடும்பம் கேட்பது பிச்சையல்ல, உரிமை. அதைக் கேட்கத் துணை நிற்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.