சம்பளம் இல்லாதவருக்கு யார் கட்டுவது?

அம்மாவின் தோளில் இன்னும் ஒரு செல் துண்டு இருக்கிறது. கிளினிக் நாளில் விடியவே போய் நம்பர் எடுத்தால், காசில்லாமல் வைத்தியரைக் காணலாம். எல்லோரும் கட்டாயம் சுகாதாரக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அனெய்ரின் பெவனின் நினைவு வரும்.

1897 இல், தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்க ஊரான ட்ரெடெகரில், பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர் அவர். 13 வயதில் படிப்பை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். தகப்பனும் சுரங்கத் தொழிலாளிதான். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து 1925 இல் தகப்பன் இறந்தபோது நட்டஈடு எதுவும் கிடைக்கவில்லை.

அப்போதே பிரித்தானியாவில் கட்டாயக் காப்புறுதி இருந்தது. 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண் தொழிலாளியின் வாரச் சம்பளத்தில் 4 பென்ஸ் கழிக்கப்பட்டது. முதலாளி 3 பென்ஸும் அரசு 2 பென்ஸும் போட்டன. ஆனால் வைத்தியம் காப்புறுதி செய்த தொழிலாளிக்கு மட்டுமே. வீட்டில் இருந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. ட்ரெடெகர் தொழிலாளர்களோ கூலியில் ஒரு பங்கைச் சேர்த்து, குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கும் சங்கம் ஒன்றை நடத்தினார்கள். பெவன் பாடம் கற்றது அங்கேதான்.

1929 இல் பாராளுமன்றம் சென்ற அவர், 1945 இல் சுகாதார அமைச்சரானார். வைத்தியர் சங்கத்தின் கடும் எதிர்ப்பைத் தாண்டி, 1948 யூலை 5 அன்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி வைத்தார். காப்புறுதி கட்டியவரா என்ற கேள்வியே அங்கு இல்லை. செலவின் பெரும்பகுதியை வரிப்பணம் தாங்கியது.

கொரியப் போரோடு படைச்செலவு கூடியது. மூக்குக்கண்ணாடிக்கும் கட்டுப்பல்லுக்கும் கட்டணம் அறவிட அவருடைய அரசே முடிவெடுத்தது. 1951 இல் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1960 இல் காலமானார்.

கட்டாயக் காப்புறுதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளம் எடுப்பவரிடம் கழிக்கலாம். கணவனைப் போரில் இழந்தவளுக்கும், காலை இழந்தவனுக்கும், நாட்கூலிக்குப் போகிறவருக்கும் யார் கட்டுவது? அதற்கு விடை சொல்லாத சட்டம் அவர்களை வரிசையிலிருந்தே வெளியேற்றிவிடும். இயன்றவர் கட்டாயம் கொடுக்கட்டும். ஆனால் வைத்தியம் அந்தக் கொடுப்பனவோடு கட்டப்படக்கூடாது.

போன கிளினிக்கில் ஒரு மருந்து இல்லையென்று வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்தார்கள். அம்மா அதை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். இன்னும் வாங்கவில்லை.