மெரீனா ரஸ்கோவா அம்மையார்

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பயிலும் பெண்மக்கள் பொருட்டு இவ்வரலாற்றை வரைகின்றோம்.

மாஸ்கோ மாநகரில் 1912-ஆம் ஆண்டிற் பிறந்த ரஸ்கோவா அம்மையார் இளமையில் இசையரங்கேற விரும்பியவர். ஊழோ வேறு வழி காட்டிற்று. 1931-இல் விமானப்படைக் கழக ஆய்வுச்சாலையிற் படம் வரையும் ஊழியராய்ப் புகுந்து, வான்வழி கணிக்குங் கலையை ஆங்கே கற்று, 1933-இல் சோவியத் விமானப்படையின் முதற் பெண் வழிகாட்டியாயினார்.

1938 செப்டம்பர் 24-இல் கிரிசொதுபோவா, ஒசிப்பென்கோ என்னும் இருவரோடு 'ரோதினா' விமானமேறிக் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார். இருபத்தாறு மணி நேரத்திற்கு மேல் இடையறாது பறந்து, ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர் கடந்தனர். பெண்டிருள் அதுகாறும் அத்துணைத் தொலைவு நில்லாது பறந்தார் இலர். எண்ணெய் அருகிற்று, இறங்கத் தளமில்லை. சக்கரமின்றி விமானம் தரையிற் படியுங்கால் முகப்பறையில் இருப்பவர்க்கு உயிர்ச்சேதம் நேருமாதலின், அம்மையார் குடைகொண்டு காட்டிற் குதித்தார். உணவுப்பை விமானத்திலேயே நின்றுவிட்டது. கையிலிருந்தவை இரண்டு சாக்லேட்டுக் கட்டிகளே! அவற்றைக்கொண்டு பத்து நாள் சதுப்புக்காட்டில் அலைந்து, தோழியரைக் கண்டடைந்தார். ஒருவேளை உணவு சிறிது பிந்தினும் இல்லாளைச் சினக்கும் யாம் இதனை எழுதும்போது நாணினோம்.

அவ்வாண்டே மூவரும் சோவியத் வீரர் விருது பெற்றனர். பெண்டிருள் அதனை முதற்கண் பெற்றவர் இவர்களே. 1941-இற் போர் மூண்டபின் அம்மையாரின் முயற்சியால் மகளிர் விமானப் படைப்பிரிவுகள் மூன்று தோன்றின. அவற்றுள் ஒன்று, மரமும் துணியுங் கொண்டமைந்த எளிய விமானங்களில் இரவுதோறும் சென்று குண்டு வீசிற்று. மற்றொன்றிற்கு அம்மையாரே தலைவி. ஆயினும் அவர் அதனுடன் களம் காணவில்லை. ஸ்டாலின்கிராட் முனைக்கு விமானத்திற் செல்லுங்கால், 1943 ஜனவரி 4-இல், சரத்தோவ் நகரருகே பனிப்புயலில் வீழ்ந்து மாண்டார். அகவை முப்பதே. அவரது சாம்பல் கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டது. தலைவியை இழந்த படைப்பிரிவு பின்னர் அவர் பெயரையே தாங்கிப் போர்புரிந்தது.