நீர்யானைப் பல் வைத்த ஜனாதிபதி



ஜார்ஜ் வாஷிங்டன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி. அப்புறம், செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்ன கதை. அது அவர் இறந்த பிறகு ஒரு புத்தகக்காரர் கட்டிவிட்டது. அவர் மரப்பல் வைத்திருந்தார் என்பதும் கட்டுக்கதைதான். நான் எழுதப் போவது அவருடைய நிஜப் பல்செட்டைப் பற்றி. சிரிக்காதீங்க, படிச்சுப் பாருங்க!

1732 பிப்ரவரி 22-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். நல்ல உயரம், குதிரை ஏறுவதில் மன்னன். பல் மட்டும்தான் எதிரி. 1756-ல், 24 வயதிலேயே, ஒரு பல்லைப் பிடுங்க 5 ஷில்லிங் கொடுத்ததாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பிறகு ஒவ்வொன்றாகப் போனது. சுதந்திரப் போர் நடக்கும்போது பொய்ப்பல்லை மிச்சப் பற்களோடு கம்பி போட்டுக் கட்டியிருந்தார்.

இங்கேதான் சுவாரசியம். 1781 மே மாதம், பல்லைச் சுரண்டும் கருவியும், கம்பியை இறுக்க ஒரு இடுக்கியும் அனுப்பச் சொல்லி பல் டாக்டருக்குக் கடிதம் எழுதினார். இப்போதைக்குப் பிலடெல்பியா பக்கம் வரும் வாய்ப்பு இல்லை என்றும் அதில் இருந்தது. கடிதம் வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது! நியூயார்க்கைத்தான் தாக்குவார் என்று தளபதி கிளின்டன் நம்பிக்கொண்டிருக்க, வாஷிங்டன் தெற்கே போய் அக்டோபரில் யார்க்டவுனில் ஜெயித்துவிட்டார். பல் கடிதத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

1789 ஏப்ரல் 30-ல் பதவியேற்றபோது சொந்தப் பல் ஒன்றே ஒன்று. ஜான் கிரீன்வுட் என்ற டாக்டர் நீர்யானைத் தந்தத்தில் செட் செதுக்கி, அந்த ஒற்றைப் பல் நுழைய ஓட்டை விட்டார். அவர் பயன்படுத்திய வேறு செட்டுகளில் ஈயம், மனிதப் பல், மாட்டுப் பல் எல்லாம் உண்டு. இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. 1784-ல் 9 பற்களுக்காகத் தன் அடிமைகளுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக அவர் கணக்கில் இருக்கிறது. காசு கொடுத்தார், சரி. ஆனா அடிமையா இருக்கிறவர் மாட்டேன்னு சொல்ல முடியுமா?

மேல்செட்டையும் கீழ்செட்டையும் ஸ்பிரிங் இணைக்கும். அது வாயைத் திறக்கத் தள்ளிக்கிட்டே இருக்கும், தாடையை இறுக்கிப் பிடிக்கணும். பல் போனால் தாடை எலும்பும் நாளாக நாளாகக் கரைந்து சிறுத்துவிடும். அதனால் முன்பு பொருந்திய செட் பிறகு ஆடும். நாட்டையே ஆண்டவர் செட்டைக் கிரீன்வுட்டுக்கு அனுப்பி அனுப்பி ரிப்பேர் பார்த்தார், உதடு துருத்துகிறது என்று கடிதத்தில் குறைப்பட்டார். 1798-ல் ஒரு செட் கறுத்தே போனது. போர்ட் ஒயின்தான் காரணம், சாப்பிட்டதும் கழற்றிச் சுத்தமான தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் சாக்குப்பொடி போட்டுத் தேயுங்கள் என்று கிரீன்வுட் எழுதினார்.

என் தாத்தாவின் பல்செட் அக்ரிலிக். அவருக்கு டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்! ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடணும், மெதுவான பிரஷ்ஷால் தேய்க்கணும். வெந்நீர் பட்டால் வளைஞ்சிடும். லூசானால் நாமே அரத்தால் தேய்க்கக் கூடாது, டாக்டர் உள்பக்கம் புது அடுக்கு போட்டு ஈறுக்குப் பொருத்தித் தருவார். பாவம் வாஷிங்டன், அவர் காலத்தில் அக்ரிலிக் ஏது?

1796-ல் கடைசிப் பல்லும் போனது. அதைக் கிரீன்வுட் பத்திரமாக வைத்துக்கொண்டார். 1799 டிசம்பர் 14-ல் வாஷிங்டன் மறைந்தார். அவருடைய முழு பல்செட் ஒன்று மவுண்ட் வெர்னானில் இருக்கிறது. ஒரு டாலர் நோட்டின் படம் எங்காவது கிடைத்தால் அவர் வாயைக் கவனிங்க, எவ்வளவு இறுக்கமா மூடியிருக்கார்னு!